மூடித்துணி கட்டிய நெல்லிக்காய் பாட்டில்கள்

கார்த்திகை பிறந்ததும் என் கடை மேசைக்கடியில் பாட்டில்கள் சேர ஆரம்பித்துவிடும். காபித்தூள் பாட்டில், ஜாம் பாட்டில், யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் காய் பாட்டில். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பையிலிருந்து ரவிக்கைத் துணியை எடுக்கும்போதே அதையும் எடுத்து மேசைமேல் வைப்பார்கள். "போன வருஷத்துது அக்கா, கழுவித்தான் வெச்சிருக்கேன்." இந்த வருஷமும் உண்டுதானே என்று கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியும்.

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் 18 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு மெஷினில் நான், இன்னொன்றில் ஒரு பெண். ஆயுதபூஜையிலிருந்து தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி வரைக்கும் எங்களுக்குச் சோறு உள்ளே இறங்காது. கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது தெருவில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கும். மறுநாள் நாலா பக்கத்திலிருந்தும் முறுக்கு, அதிரசம், சோமாசி எல்லாம் வந்து குவியும். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கைப்பிடி மிக்சர்கூட இருக்காது. கடையில் வாங்கிய ஸ்வீட் பாக்ஸை நீட்டினால் "எதுக்கு அக்கா இதெல்லாம்" என்று வாங்கி, அப்படியே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

அந்தக் கூச்சத்தில் தொடங்கியதுதான் பொங்கலுக்குத் தேன்நெல்லி கொடுக்கிற பழக்கம். மார்கழியில் நெல்லிக்காய் வரத்து நன்றாக இருக்கும், எனக்கும் கை சற்று ஓய்ந்திருக்கும்.

தர்மபுரியில் நெல்லிக்காயை யாருக்காவது கொடுத்துவிட்டு அதியமான் பேச்சு வராமல் தப்ப முடியாது. பழைய தகடூர் இதுதானே. "அப்போ நீங்க அதியமான், நான் ஔவையாரா?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். போன பொங்கலுக்கு ஒரு வாத்தியார் அதைக் கேட்டுவிட்டு, "பாட்டில் ஒண்ணுதானா? ஔவைக்கு ஒண்ணு போதும், எங்க வீட்டுல ஆறு பேர்" என்றார். அதியமான் பாடு சுலபம். ஒற்றைக் கனியைக் கையில் கொடுத்தான், முடிந்தது. பாகு காய்ச்சவில்லை, மூடி தேடி அலையவில்லை.

எனக்கு முதல் இரண்டு வருஷமும் சொதப்பல்தான். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2019 பொங்கல். செய்முறை கேள்வி ஞானம்தான். காயைக் குத்த வேண்டும் என்று தெரியும், எதனால் குத்துவது என்று தெரியாது. தையல்காரி வீட்டில் ஊசிக்கா பஞ்சம்? கோணி ஊசியை எடுத்து ஐந்து கிலோவையும் குத்தி முடித்தேன். மாமியாரின் பழைய இரும்புச் சட்டி பெரியது என்பதால் பாகையும் அதிலேயே வைத்தேன். அரை மணி நேரத்தில் பாகு சாம்பல் நிறமாகி, அப்புறம் நீலம் பாய்ந்து, கடைசியில் மை மாதிரி ஆகிவிட்டது. நரைமுடிக்கு நெல்லிப்பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைப்பது எனக்குத் தெரியாததா என்ன? நெல்லியில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்தில் எழுதுகிற மையையே இப்படித் துவர்ப்பும் இரும்பும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். தலைக்கு என்றால் ஞாபகம் வருகிறது, வாய்க்கு என்றதும் மறந்துபோய்விட்டது.

நிறம் போனால் போகிறது என்று பார்த்தால் காயும் சுருங்கிவிட்டது. சீக்கிரம் முடியட்டும் என்று முதலிலேயே கெட்டியாகப் பாகு காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அதில் காயைப் போட்டிருந்தேன். மாமியார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, எலந்தப்பழத்த காயப்போட்டு எடுத்தாப்ல இருக்கே, நெல்லிக்கா எங்க?" என்றார். அந்த வருஷம் யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்களே தின்று தீர்த்தோம். ருசி மோசமில்லை, இருட்டில் தின்றால்.

2020 பொங்கல் கதைதான் இன்னும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது. சில்வர் முள்கரண்டி, சில்வர் குண்டா. பாகைத் தண்ணியாக ஆரம்பித்தேன். காய் உருண்டையாக, மஞ்சளாக, பார்க்கவே அழகாக வந்தது. மூன்றாம் நாள் பாகு தேன்மாதிரி விழுந்தது. சரி, வந்துவிட்டது என்று 20 பாட்டிலில் அடைத்து, போகிக்கு முதல்நாள் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நெஞ்சு நிமிர்த்தி வந்தேன்.

தை பத்தாம் தேதிவாக்கில் எதிர்த் தெரு அக்கா கடைக்கு வந்தார். கையில் துணியில்லை, பாட்டிலும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "தப்பா எடுத்துக்காத கண்ணு, அந்த பாட்டிலத் தொறந்தா புஸ்ஸுனு சத்தம் வருது. மேலல்லாம் நொர" என்றார்.

வீட்டில் எனக்கென்று வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன். புஸ். முகர்ந்தால் கள் வாசம்.

அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு அசிங்கம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். சில வீட்டில் பாட்டிலைத் திறக்கவே இல்லை, பூஜை அலமாரிக்கு மேலே ஜோராக வைத்திருந்தார்கள். ஐந்து வீட்டில் அதற்குள் தின்று தீர்த்திருந்தார்கள். அவர்களிடம் வயிறு எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் வரவும் முடியவில்லை. ஒரு ரிட்டயர்டு பெரியவர் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "நல்லாத்தாம்மா இருக்கு. ராத்திரி ஒண்ணு போட்டா தூக்கம் நல்லா வருது" என்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து என்னை முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 14 பாட்டிலை மீட்டு வந்து கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன்.

அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. முகக்கவசம் தைத்தே வருஷம் ஓடியது. 2021 பொங்கலுக்கு யார் வீட்டுக்கும் போகவில்லை, நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் பழம், காய்கறி பதப்படுத்துகிற பயிற்சி ஒன்று நடக்கிறது என்று ஒரு வாடிக்கைக்காரி சொல்லி, அவளோடு பஸ் ஏறினேன். பாப்பாரப்பட்டி என்றால் எனக்கு அதுவரை இரண்டுதான்: சுப்பிரமணிய சிவா நினைவிடம், புளி மண்டி. அங்கேதான் என் 14 பாட்டில் ஏன் நுரைத்தது என்பது விளங்கியது. பாகு தேன்மாதிரி விழுந்தது என்னவோ உண்மைதான். ஆனால் காய்க்குள் இன்னும் தண்ணீர் இருந்திருக்கிறது. அடைத்துவைத்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியே கசிந்து பாகை நீர்க்க வைத்திருக்கிறது. நீர்த்த பாகு என்றால் ஈஸ்டுக்குக் கல்யாணச் சாப்பாடு. சர்க்கரை போதுமான அளவு அடர்த்தியாக இருந்தால் பாகிலுள்ள தண்ணீரையெல்லாம் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும், நுண்ணுயிருக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. நூற்றுக்கு 68, 70 பங்கு சர்க்கரை நிற்க வேண்டும் என்றார்கள். அதை அளக்க ஒரு கருவி இருக்கிறது, சாண் நீளத்துக் குழாய். கண்ணாடிமேல் ஒரு சொட்டுப் பாகு விட்டு ஜன்னல் பக்கம் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையுமாக ஒரு கோடு, பக்கத்தில் எண். எங்கள் குழு காய்ச்சிய பாகு 54 காட்டியது. கையால் தொட்டுப் பார்த்து நான் "கம்பிப் பதம் வந்துருச்சு மேடம்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

கெட்டிப் பாகில் போட்ட காய் ஏன் சுருங்கியது என்பதும் இதே கணக்குதான். வெளியே சர்க்கரை அதிகம், உள்ளே தண்ணீர் அதிகம். தண்ணீர் ஓடிவந்துவிடுகிற வேகத்துக்குச் சர்க்கரையால் உள்ளே போக முடியாது. காய் வற்றிப்போகிறது. அதனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பை ஏற்ற வேண்டும், காயை ஏமாற்றுகிற மாதிரி.

இப்போது நான் செய்வது இப்படி. மார்கழி முதல் வாரம் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போய் எட்டு கிலோ வாங்குவேன். கிலோவுக்கு 28 காய் நிற்கிற அளவு பெரிய காய், பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியது. வத்தல்மலைப் பக்கமிருந்து சில சமயம் மலைநெல்லி வரும். சின்னது, நார், கடித்தால் காது வரை கூசும். ஊறுகாய்க்கு அதை அடிக்க ஆளில்லை, பாகுக்கு மட்டும் ஒத்துவராது. மேல்தோலில் பழுப்புப் புள்ளி இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் புள்ளி பாகில் ஊறினால் இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

முள்கரண்டியால் கொட்டை தட்டுகிற வரை குத்த வேண்டும். ஒரு காய்க்கு நாலு பக்கமும் நாலைந்து தடவை. முதல் ஐம்பது காய் வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டே குத்தலாம், அப்புறம் கட்டைவிரல் அழ ஆரம்பிக்கும். 220 காய். மெஷினில் இருக்கிற பெண்ணும் என் மகளும் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கொள்வார்கள். குத்திய காயை லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் துவர்ப்பு கொஞ்சம் இறங்கும். காலையில் கழுவி இட்லிப்பானையில் அவிக்க வேண்டும். இங்கேதான் பக்கத்தில் நிற்க வேண்டும், போனை எடுக்கக் கூடாது. நெல்லிக்காயில் வரிவரியாகக் கோடு இருக்கும் இல்லையா, அந்தக் கோடு வெளுத்து, பிளக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். எனக்கு எட்டு நிமிஷம். பத்தைத் தாண்டினால் சுளை சுளையாகப் பிரிந்துவிடும்.

அவித்து இறக்கிய பிறகு அன்று அடுப்பே தேவையில்லை. ஒரு அடுக்குக் காய், ஒரு அடுக்குச் சர்க்கரை என்று குண்டாவில் போட்டு மூடி வைத்தால் மறுநாள் காலையில் காய் தன் தண்ணீரிலேயே முழுகிக் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் நாம் ஊற்றுவதில்லை. அந்தப் பாகை மட்டும் வடித்துக் காய்ச்சி, மீதிச் சர்க்கரையில் கொஞ்சம் சேர்த்து, ஆறவிட்டு மறுபடி காய்மேல் ஊற்ற வேண்டும். மறுநாள் பார்த்தால் பாகு மறுபடி நீர்த்திருக்கும். மறுபடி வடி, காய்ச்சு, ஊற்று. ஆறு நாள். ஒவ்வொரு நாளும் நீர்ப்பது குறைந்துகொண்டே வரும். ஒருநாள் காலையில் நேற்று ஊற்றிய அதே கெட்டியில் பாகு இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். நான் அதற்குப் பிறகும் ஒரு வாரம் குண்டாவிலேயே வைத்திருந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடைக்கிறேன். சூடுபட்ட பூனை. எலுமிச்சைச் சாறு கடைசிக் காய்ச்சலில், பாகு பூத்துச் சர்க்கரையாக உறைந்துவிடாமல் இருக்க. ஏலக்காய் பாட்டிலுக்கு ஒன்று.

ஆறாம் நாள் காயை ஒரு கரண்டியில் எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பேன். சதை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே கொட்டை நிழலாகத் தெரியும். அதைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும் செய்கிறேனோ என்றுகூடத் தோன்றும்.

பெயர் தேன்நெல்லி, உள்ளே இருப்பது சர்க்கரை. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். ரோட்டோரத்தில் விற்கிற முக்கால்வாசியும் சர்க்கரைப் பாகுதான், அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். நேராகத் தேனில் பச்சைக் காயைப் போட்டு வைத்தாலும் இதே தண்ணீர்க் கதைதான். தேன் நீர்த்துப் புளிக்கும். பாலக்கோட்டு வெல்லத்தில் ஒருமுறை செய்தேன். வாசனை அபாரம். ஆனால் காய் பழுப்பாகி, கண்ணாடி மாதிரி ஆகிற அந்த அழகு போய்விட்டது. வீட்டுக்கு என்றால் வெல்லம், கொடுக்க என்றால் சர்க்கரை. சுகர் இருக்கிற வீட்டுக்கு இரண்டுமே கிடையாது, உப்புத்தண்ணீரில் பச்சைமிளகாய் கீறிப்போட்ட நெல்லிக்காய், ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். அதை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் பாட்டிலை ஏக்கமாகப் பார்ப்பார்கள்.

பாட்டிலை அடியில் துணி விரித்த குண்டாவில் பச்சைத் தண்ணீரோடு வைத்துக் கொதிக்கவிட்டு, கால் மணி நேரம் கழித்து எடுத்து வெயிலில் கவிழ்ப்பேன். மார்கழி வெயில் நம்ப முடியாதது, ஒரு நாள் முழுக்க வைத்தும் உள்ளே விரலை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மூடி மட்டும் எப்போதும் புதிது, சேலம் போகும்போது டஜன் கணக்கில் வாங்கி வருவது. பழைய மூடியில் ஊறுகாய் வாசம் போகவே போகாது. அந்த ஆலிவ் பாட்டில் மூடியை ஒரு வாரம் வெயிலில் வைத்தும் பிரயோசனமில்லை.

மூடிக்கு மேலே துணி கட்டுவது என் மகள் யோசனை. தீபாவளிக்குத் தைத்த துணியில் மிஞ்சின வெட்டுத்துணியை வீடு வாரியாக முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன், யாராவது பின்னால் ஒட்டுப்போடக் கேட்பார்கள் என்று. "அம்மா, அவங்கவங்க துணிய அவங்கவங்க பாட்டிலுக்கே கட்டிடலாமே" என்றாள். ஆறங்குல வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து அடித்து, சணல் கயிற்றால் ஒரு முடிச்சு. யார் வீட்டுக்கு எது என்று பெயர் எழுத வேண்டியதே இல்லை. மாம்பழ மஞ்சள் பட்டு என்றால் பேங்க் அக்கா வீடு. சின்னப் பூ போட்ட காட்டன் என்றால் பால்காரர் சம்சாரம். பார்த்ததும் எல்லோரும் முதலில் காயைப் பார்ப்பதில்லை, துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ஒரு ஆசாமி மட்டும், "ஓஹோ, நம்ம துணிய மிச்சம் பிடிச்சு நமக்கே கிஃப்டா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இருந்தாலும் அடுத்த வருஷம் அவர் வீட்டு வெட்டுத்துணியை முழுசாகப் பையில் போட்டே கொடுத்துவிட்டேன்.

விலைக்குக் கேட்கிறவர்களும் உண்டு. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும், லேபிள் அடிக்க வேண்டும், அது தனி வேலை. அதோடு, விற்றால் பாட்டில் திரும்பி வராது.

பாட்டில் திரும்பி வருகிற விஷயம் லேசானதில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தையும் மாசியுமாக என் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வரும்போது உள்ளே ஏதாவது இருக்கும். பாப்பாரப்பட்டியில் பெண் எடுத்த வீட்டிலிருந்து கொட்டை எடுத்த புதுப்புளி. அரூர் பக்கத்துக்காரர் வீட்டிலிருந்து சாமை. பேங்க் அக்காவுக்கு ஓசூரில் தங்கை, அதனால் நிப்பட்டு என்கிற அந்தப் பக்கத்துத் தட்டை, அதுவும் பாட்டில் வாய்க்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதாகத் தட்டியது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது எதிர்த் தெரு அக்கா தந்தது, அந்தப் புஸ் சமாச்சாரம் சொன்ன அக்கா. 2022-இல் முதல்முதலாகச் சரியாக வந்த பாட்டிலை அவருக்குத்தான் கொடுத்தேன். மாட்டுப் பொங்கலன்றே அவசர அவசரமாக வேறொரு டப்பாவுக்குக் காயை மாற்றிவிட்டு, பாட்டில் நிறையப் பிதுக்கம்பருப்பு போட்டுக் கொண்டுவந்தார். பச்சை மொச்சையை உரித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொரு கொட்டையாக விரலிடுக்கில் அழுத்திப் பிதுக்கினால்தான் அந்தப் பருப்பு. அரை லிட்டர் பாட்டில் நிறைய வேண்டுமானால் எத்தனை நூறு கொட்டை என்று நெல்லிக்காய் குத்திய என் கட்டைவிரலுக்குத் தெரியும். "இந்த தடவ சத்தம் வரலியே?" என்று கேட்டேன். "ஆறு நாளா தெனம் தொறந்து காது வெச்சிப் பாத்தேன், வரல" என்றார்.

இந்த வருஷம் 22 பாட்டில் போனது. இதுவரை 15 திரும்பியிருக்கிறது. நேற்று வந்தது ஒன்று வெறுமையாகத்தான் வந்தது. பால்காரர் வீட்டுப் பெண், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அம்மா வாழைக்காய் கொடுத்து அனுப்பினாளாம், வழியில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாம். மூடித்துணி எங்கே என்று கேட்டேன். சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு பொம்மையை எடுத்துக் காட்டினாள். பூப்போட்ட என் வட்டத்தின் நடுவில் ஓட்டை வெட்டிப் பொம்மைக்குப் பாவாடை மாட்டியிருந்தாள், இடுப்பில் அதே சணல் கயிறு. வெட்டின இடத்தில் நூல் பிரிந்துகொண்டிருந்தது. மெஷினிலிருந்த துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவளை முக்காலியில் உட்காரச் சொல்லி, அந்த இடுப்புக்கு ஒரு எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன்.